வரிக்கல்லை உடைக்க மாட்டேன்

1

எனக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. இந்தக் கதை அப்படித்தான் பிறந்தது.

வார இதழ் ஒன்றில் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். கொலை நடந்து பல வருஷம் ஆகியும் கெடாமல் கிடக்கும் ஒரு பிணம், அதை வைத்துக் கொலைகாரன் மாட்டவேண்டும். உப்பில் புதைக்கலாமா, ஐஸ் தொழிற்சாலையில் மறைக்கலாமா என்று யோசித்து எதுவும் பிடிக்காமல், வில்லியனூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலவியல் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன்: “உலகத்துலேயே ரொம்ப நாள் கெடாம இருக்கிற பிணம் எது சார்?”

அவர் முறைக்கவில்லை. ஜன்னல் வழியே ஊசுட்டேரிப் பக்கம் கையைக் காட்டினார். “பாக்டீரியா. அந்தப் பக்கம் பழைய சுண்ணாம்புக்கல் இருக்கு. தேடினா அதுங்க படுத்த படுக்கையாவது கிடைக்கலாம்.”

அத்தோடு என் தொடரில் இருந்த பிணம் செத்துப்போனது. (செத்துப்போன பிணம். என் பத்திரிகை ஆசிரியர் கண்ணில் பட்டால் அடித்துவிடுவார். இங்கே அவர் இல்லை, இருக்கட்டும்.)

அவரிடம் போய்ச் சொன்னேன்.

“முகம் இருக்காய்யா அதுக்கு?”

“இல்ல சார்.”

“மீசை?”

“உடம்பே ஒரே ஒரு செல்தான்.”

“சாகும்போது கத்துமா?”

“கத்தாது.”

“அப்ப வாசகன் எதுக்குய்யா அடுத்த வாரம் வரைக்கும் காத்துக்கிட்டிருப்பான்?”

அந்தக் கேள்வியில் இருந்த இளக்காரம் என்னைச் சுட்டது. முகம் இல்லாதவர்களுக்குக் கதை கிடையாதா? பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இது அவருக்கு எழுதுவது இல்லை. உங்களுக்கு.

2

முதல் தொடக்கம்: “ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய புதுச்சேரி கடலுக்கு அடியில் கிடந்தபோது…”

நிறுத்து. பாடப்புத்தகம்.

இரண்டாவது தொடக்கம்: “‘யாரது!’ என்று அலறினாள் பவுனம்மாள். கல்லறைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை உருவம்…”

இதுவும் வேண்டாம். பவுனம்மாள் அலறுகிறவள் இல்லை. வெள்ளை உருவத்தைப் பார்த்தால் “இன்னாடா வேணும்?” என்று கேட்பவள்.

மூன்றாவது: 1934. பிரெஞ்சு இந்தியா, வில்லியனூர் கொம்யூன். ஒரு கல் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஒருத்தி ஏரிக்கரையில் வேகமாக நடந்து போகிறாள்.

இது நிற்கும்.

அவள் பவுனம்மாள். சுண்ணாம்புமேட்டில் கல் உடைப்பவள். (மேட்டை வரைபடத்தில் தேடாதீர்கள். ஒதியம்பட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் நானே கொட்டிய மேடு அது.) மேட்டின் ஒரு பக்கம் கல் வெட்டும் பள்ளமும் காளவாயும். வெட்டிய கல்லைக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. காளவாய் முதலாளி பச்சையப்பன், பாகூர்க்காரன். மறுபக்கம் கல்லறைகள். மாதா கோயில் கல்லறையில் பவுனம்மாளின் தெருக்காரர்களுக்குச் சாதி காரணமாக இடம் இல்லை என்பதால் அவர்களே மேட்டில் இடம் பிடித்திருந்தார்கள். பவுனம்மாளின் மகள் ரோசம்மாள், நாலு வயசில் காய்ச்சலில் போனவள், அங்கேதான் இருந்தாள்.

ஒவ்வொரு கல்லறைக்கும் தலைமாட்டில் ஒரு வரிக்கல். பள்ளத்தின் மேல்தட்டில் ஒரு காலத்தில் கிடைத்த கல் அது. உடம்பெல்லாம் மெல்லிய கோடு, அடுக்கடுக்காக. காளவாயில் போட்டால் சரியாக வேகாமல் வெடிக்கும். முதலாளிக்கு ஆகாத கல் என்பதால் செத்தவர்களுக்குக் கிடைத்தது. பெயர் வெட்டத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. பெயருக்குப் பதிலாக, நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள். அந்தச் சுண்ணாம்பை மட்டும் பச்சையப்பன் சும்மா கொடுப்பான். அவன் அப்பன் காலத்து வழக்கம்.

இப்போது பள்ளத்தில் கல் தீர்ந்துவிட்டது. நல்ல கல் கல்லறைகளுக்கு அடியில் இருந்தது. மேட்டைத் தோண்டப் போவதாகப் பச்சையப்பன் சொல்லிவிட்டான். அளவு பார்க்க வந்த அவன் வண்டி ரோசம்மாளின் கல்லில் மோதி, ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

அந்தச் சில்லுதான் முந்தானையில் இருக்கிறது.

3

ஏரிக்கரையில் ஒரு கூடாரம். அதில் முசியே ப்ரிவா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். கல்லாகிப் போன சிப்பிகளைப் பொறுக்க வந்த நிலவியல்காரர். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஒதியம்பட்டு உலகநாதன் கூடவே இருந்தான். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் என்றால் சர்க்கார், சர்க்கார் என்றால் நியாயம் கேட்கலாம். பவுனம்மாளின் கணக்கு அவ்வளவுதான்.

“தொரை, இதப் பாரு. எம் பொண்ணு கல்லு. மொதலாளி வண்டி மோதி ஒடச்சிப்புட்டான். மேட்டையே தோண்டப் போறானாம். இன்னான்னு கேளு.”

உலகநாதன் குறுக்கே வந்தான். “ஏம்மா, இவரு ஜட்ஜு இல்ல. சிப்பி பொறுக்க வந்தவரு.”

“இன்னாத்துக்கு? வேகவெச்சித் துன்னவா?”

“செத்த சிப்பிம்மா. கல்லாப் போனது.”

“செத்த சிப்பிக்கு இம்மாந் தூரம் கப்பலேறி வந்தவரு, செத்த புள்ளைக்கு ஒரு வார்த்த கேக்க மாட்டாரா? அப்பிடியே சொல்லுங்கய்யா, ஒண்ணும் கொறைக்காம.”

உலகநாதன் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னான். ப்ரிவா அதையும் சரியாகக் கேட்கவில்லை. சில்லை வாங்கி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு. அதன் மேல் கோடு. முடி கனத்தில், ஒழுங்காக, ஒன்றின்மேல் ஒன்று. ஒரு துணுக்கைத் தேய்த்து மெலிதாக்கி நுண்ணோக்கியில் வைத்தார். கோடுகளுக்கு உள்ளே மணி மணியாக ஏதோ.

“உனக்கு அதிர்ஷ்டம்தாம்மா,” என்றான் உலகநாதன், கொஞ்ச நேரம் கழித்து. “இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புழு இருக்குதாம். உலகத்துக்கே மூத்த சாதியாம். அது செத்துக் கல்லாயிருக்குதாம்.”

“யாரு புதைச்சாங்க?”

உலகநாதன் அதை மொழிபெயர்க்கவில்லை. முட்டாள்! இந்தக் கதையிலேயே நல்ல கேள்வி அது.

ப்ரிவா புதுச்சேரிக்கு ஆளனுப்பினார். அறிவியலுக்கு வேண்டிய இடம், யாரும் கைவைக்கக் கூடாது என்று மேட்டுக்குத் தடை வந்தது. பச்சையப்பனின் கடப்பாரைகள் கொட்டகைக்குப் போயின.

4

யார் புதைத்தார்கள்? பவுனம்மாளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

பாக்டீரியாவைக் கொல்வது சுலபம். தடயம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஓடு இல்லை, எலும்பு இல்லை, பல் இல்லை. செத்தால் பக்கத்தில் இருக்கிறதே தின்றுவிடும். துப்பறிகிறவனுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

ஆனால் அதுகள் கூட்டமாக வாழ்ந்த இடம் மிஞ்சும். ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். தரையில் வழுவழுவென்று ஒரு படலம், கோடானுகோடி பேர் சேர்ந்து சுரந்த பசை. அலை கொண்டுவரும் சேறு அதன்மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் போயிற்று. செத்துத்தானே ஆகவேண்டும்? சாகாது. சேற்றுத் துகள்களுக்கு நடுவே நுழைந்து மேலே ஏறி, புதைத்த சேற்றின் மேலேயே புதுப் படலம் விரித்துவிடும். மறுபடி சேறு. மறுபடி ஏறும். கீழே விட்டுவந்த அடுக்குகளில் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகும். உடம்பு அழுகிப் போனாலும் அடுக்கு நிற்கும். எப்போதாவது, அழுகுவதற்கு முன்பே, மணற்சத்து கரைந்த நீர் உள்ளே புகுந்து உறைந்துவிட்டால் உடம்பின் வடிவமே கிடைக்கும். மணிகளாக, இழைகளாக.

மேலே ஏறிய பிடிவாதத்தின் தடம் அந்த வரி.*

* ஜாக்கிரதை. 1934-இல் இதை நம்பாதவர்கள்தான் அதிகம். உயிரே இல்லாமல் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்தாலும் வரி விழும் என்றார்கள். நியாயமான பேச்சு. இன்றைக்கும் ஒவ்வொரு கல்லையும் அந்தக் கேள்வி கேட்டாகவேண்டும். முசியே ப்ரிவா அவசரத்தில் கேட்கவில்லை.

5

(உலகநாதனுக்கும் காளவாயில் கூடை தூக்கும் ஆண்டாளுக்கும் இங்கே ஒரு காதல் காட்சி வரவேண்டும் என்பது ஆசிரியரின் உத்தரவு. “ஏரியில் நிலவு மிதந்தது. ஆண்டாளின் விழிகள்…” வராது.)

6

பச்சையப்பனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவன் வில்லனாவதற்கு ரொம்பச் சுலபமாக ஒத்துழைக்கிறான். மீசை வைத்தேன், முறுக்கிக்கொண்டான். வண்டி கொடுத்தேன், கல்லில் மோதினான். இப்படிச் சொன்னபடி கேட்கிறவனை நம்பக் கூடாது. அதனால்தான் அவன் கையால் சும்மா சுண்ணாம்பு கொடுக்கவைத்தேன். ஒரு நல்ல காரியம் இருக்கட்டும் என்று நினைத்தேன். கதையை அதுவே கவிழ்க்கும் என்று நினைக்கவில்லை.

புதுச்சேரியில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரிவா பெருமையாகச் சில்லைக் காட்டினார். அந்த மனிதர் மணிகளைப் பார்த்தார். யோசித்தார். அலமாரியில் இருந்து அயோடின் எடுத்து ஒரு சொட்டு விட்டார்.

மணியெல்லாம் நீலமானது.

அயோடினில் நீலமாவது மாவுப்பொருள். கல்லான பாக்டீரியா நீலமாகாது. அரிசி ஆகும்.

ப்ரிவா மேட்டுக்குத் திரும்பி வந்தார். உலகநாதன் கேட்டான்: “ஏம்மா, வெள்ளையடிக்கிற சுண்ணாம்புல இன்னா கலக்குறீங்க?”

“கழுநீரு.”

“அரிசி கழுவுன தண்ணியா?”

“பின்ன? கழுநீரு ஊத்தாம பூசுனா தொட்ட கையில வந்துடும்ல. பசை வாங்க நாங்க எங்க போறது? தெருவுல அத்தினி வூட்டுலயும் எடுத்துவெச்சி, பானையில ஊத்திக் கலக்குவோம். செத்தவங்களுக்கும் ஒரு கவளம் போன மாதிரி.”

வருஷத்துக்கு ஒரு பூச்சு. நடுவில் காற்றில் வந்த செம்மண் தூசி. அதன்மேல் அடுத்த பூச்சு. ரோசம்மாள் போய்ப் பல வருஷம். பெயர்ந்து விழுந்த சில்லில் பெரும்பகுதி கல்லே இல்லை. உலகத்தின் மூத்த உயிர் என்று முசியே ப்ரிவா கண்டுபிடித்தது ஒரு தெருவின் கழுநீர்.*

* இதில் ஒரு குறும்பு இருக்கிறது. சுண்ணாம்பு என்பதே சுட்ட கல். குழைத்துப் பூசினால் காற்றை உள்ளே இழுத்து மறுபடியும் கல்லாகும். ஆகவே அந்தப் பூச்சும் கல்தான், அதற்குள் உயிரின் தடமும் உண்டு. ப்ரிவா சொன்னது பொய் இல்லை. காலம்தான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது.

தடை போயிற்று. பச்சையப்பன் மேட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பில் காளவாய்ப் புகை ஆடியது.

“பவுனு! உன் தொரை கண்டுபுடிச்ச ஆதி உயிரை நான் தெனம் ரெண்டு வேளை ரசம் ஊத்தித் துன்னுறேன்டி!”

7

கடப்பாரைகள் மறுபடி வெளியே வந்தன. அதைப் பிடித்து வந்தவர்களும் அதே தெருக்காரர்கள்தான். முன்னால் நின்ற சாமிக்கண்ணுவின் அப்பன் கல் மூன்றாவது வரிசையில் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான். கூலி அன்றைக்குப் பச்சையப்பனிடம் மட்டும்தான் கிடைக்கும்.

ப்ரிவாவும் வந்தார். அவமானப்பட்டவர் ஓடிப்போகாமல் திரும்பி வந்ததற்காக அவரை எனக்குப் பிடிக்கிறது. அவர் சொன்னது இது: மேலே இருப்பது வெள்ளைப்பூச்சு, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கிற வரி அசல். என் மனசு சொல்கிறது. ஆனால் மனசை யாரும் நம்பமாட்டார்கள். மேட்டைத் தோண்டாமல் கிடைக்கிற வரிக்கல் இந்தத் தலைமாடுகளில் மட்டும்தான். ஒரே ஒரு கல்லை நடுவில் பிளந்து, பூச்சு தொடாத நெஞ்சுப்பகுதியை எடுத்துப் பார்த்தால் போதும். படலத்தின் தடம் இருந்தால் தடையைத் திரும்ப வாங்கிவிடுவேன். சந்தேகம் ரோசம்மாளின் கல்லில்தான் வந்தது. இந்தக் கல்தான் பதில் சொல்லவேண்டும்.

எல்லோரும் பவுனம்மாளைப் பார்த்தார்கள். அவள் கையில் சம்மட்டி. தினமும் கல் உடைக்கிற கை. ஒரே அடி போதும், எங்கே அடித்தால் பிளக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பறம்?” என்று கேட்டாள்.

“மேட்டைச் சுத்தி வேலி போட்ருவாங்க. பச்சையப்பன் கால் வெக்க முடியாது,” என்றான் உலகநாதன்.

“நாங்க?”

உலகநாதன் ப்ரிவாவிடம் கேட்டுவிட்டுச் சொன்னான். “நீங்களும்தான். வெள்ளையடிக்கக் கூடாது. புதுசாப் புதைக்கக் கூடாது. நல்ல கல்லு நாலஞ்சு பாரீஸுக்குப் போவும்.”

“உள்ள ஒண்ணும் இல்லன்னா?”

பச்சையப்பன் முந்திக்கொண்டான். “இல்லன்னா என்னுது. பேசிக்கினு நிக்காத, ஒடை! எனக்கும் பாக்கணும்னு இருக்குது.”

8

இங்கேதான் நான் பேனாவை வைத்தேன். முடிவுகள் எல்லாம் தயாராக இருந்தன. நீங்களே பாருங்கள்.

முடிவு அ: பவுனம்மாள் ஓங்கி அடிக்கிறாள். கல் பிளக்கிறது. ப்ரிவா முழங்காலில் விழுகிறார். வரி, அசல் வரி! மேடு பிழைக்கிறது. கல் கப்பலேறுகிறது. பாரீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதி வைக்கிறார்கள். அது ரோசம்மாளின் பெயர் இல்லை.

முடிவு ஆ: கல் பிளக்கிறது. தண்ணீர் போட்ட வெறும் கோடு. கடப்பாரை இறங்குகிறது. ரோசம்மாளின் கல்லும் காளவாய்க்குள்…

முடிவு இ: பச்சையப்பன் மனம் திருந்துகிறான். (ஆசிரியருக்குப் பிடித்தது. மீசை வைத்தவன் நான். அவன் திருந்தமாட்டான் என்று எனக்குத் தெரியாதா?)

மூன்றையும் படித்துப் பார்த்தேன். ரத்தம் கொதித்தது. செத்த பிள்ளை படுத்திருக்கும் இடம் அவள் அம்மாவுடையதா இல்லையா என்று, ஆறு கோடி வருஷத்துக்கு முன் செத்த பாக்டீரியா வந்து சாட்சி சொல்லவேண்டுமாம். என் ஆசிரியர் தொலைபேசியில் கத்தினார்: “கல்லை உடைய்யா! உள்ளே என்னன்னு தெரியாம வாசகன் தூங்கமாட்டான்!”

தூங்காமல் இருக்கட்டும். உடைக்க மாட்டேன்.

பவுனம்மாளும் உடைக்கவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்தாள்.

“உள்ள புழு இருந்தா மேடு தொரையுது. புழு இல்லன்னா மொதலாளியுது. நல்லா இருக்குதே நாயம்! எம் பொண்ணு உள்ள இருக்கா. அத்த எவனாவது பூதக்கண்ணாடி வெச்சிப் பாக்கணுமா?”

சொல்லிவிட்டுத் தெருவுக்குள் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் பானை, கையில் பூச்சுமட்டை. சில்லு பெயர்ந்த இடத்தில், அத்தனை பேர் முன்னாலும், வெள்ளையடிக்க ஆரம்பித்தாள்.

“இன்னாடி, இன்னிக்கு இன்னா கல்லறைத் திருநாளா?” என்றான் பச்சையப்பன்.

“ஆமா.”

“சுண்ணாம்பு யாரு குடுத்தா?”

“நீதான். போன நவம்பர்ல குடுத்த. மிச்சம் இருந்துச்சி.”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். சிரித்தவள் வீட்டுக்குப் போய் இன்னொரு பானை கொண்டுவந்தாள். பிறகு இன்னொன்று. சாமிக்கண்ணு கொஞ்ச நேரம் கடப்பாரையைப் பார்த்தான். அதை மூன்றாவது வரிசையில், அப்பன் கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு, “மட்டை ஒண்ணு குடு அக்கா,” என்றான்.

பச்சையப்பன் கத்தினான். மறுநாள் திருபுவனையில் இருந்து வேறு ஆள் கொண்டுவருவேன் என்றான். கொண்டுவருவான், சொன்னதைச் செய்கிறவன்தான். ப்ரிவா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

9

மறுநாள் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறேன். கிழித்துவிட்டேன்.

உங்கள் குறுகுறுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அதைத் தூண்டித்தான் இத்தனை வருஷமாகப் பிழைக்கிறேன். பவுனம்மாள் கீழே வைத்த சம்மட்டி அங்கேயே கிடக்கிறது, உங்கள் காலடியில். தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாக்டீரியா இருக்கிறதா, பச்சையப்பன் வந்தானா, மேடு பிழைத்ததா, எல்லாம் ஒரே அடியில் தெரிந்துவிடும். அடிக்கிற கை மட்டும் உங்களுடையதாக இருக்கவேண்டும். என் பேனாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பூச்சு இன்னும் ஈரம். காயட்டும். காய்ந்தபின் அந்தக் கல்லை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கையில் வராது. கழுநீர் ஊற்றியிருக்கிறாள்.